அமைதி மை

லுவேசி நாட்டில் அதிபர் தேர்தல் தேதி அறிவித்ததும் கடைக்காரர்கள் முதல் வேலையாகக் கதவுகளுக்கு இரும்புத் தகடு அடிப்பார்கள். ஏரிக்கரை ஊர்க்காரர்கள் பிள்ளைகளைப் படகேற்றி அக்கரை உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். தேர்தல் வந்து போனால் ஊரில் பாதி எரிந்திருக்கும் என்பது அங்கே மழைக்காலம் மாதிரி எல்லோரும் ஒப்புக்கொண்டுவிட்ட ஒன்று.

பாளையங்கோட்டையிலிருந்து அந்த நாட்டுக்கு மருமகளாகப் போன கிளாரிந்தா மூன்று தேர்தல்களைப் பார்த்துவிட்டாள். கடைசித் தேர்தலின்போது தலைநகர் சிலும்பாவில், அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவில் டாக்டராக இருந்தாள். படுக்கை போதாமல் வராந்தாவில் வாழை இலையை விரித்து ஆட்களைக் கிடத்தினார்கள். அப்படிக் கிடந்தவர்களில் ஒருவர் அவள் கணவன் லிம்பானியின் அண்ணன். அடையாளம் சொல்ல முகம் மிஞ்சவில்லை. வலது காலின் பெருவிரல் கோணலாக இருந்ததை வைத்துத்தான் லிம்பானி, "அண்ணன்தான்" என்றான்.

அதனால்தான் அமைதி மை என்ற யோசனை வந்தபோது கிளாரிந்தா அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். சுகாதார அமைச்சகத்தின் சோதனைக் குழுவில் சேர்ந்தாள். நாடாளுமன்றத்தில் போய்ச் சாட்சி சொன்னாள். வராந்தாவையும் வாழை இலையையும் பற்றி அவள் சொன்னபோது ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி இரண்டு பக்கமும் தலை குனிந்தன. மசோதா ஒரு எதிர்ப்பு ஓட்டுக்கூட இல்லாமல் நிறைவேறியது.

வீட்டில் மட்டும் ஒரு எதிர்ப்பு ஓட்டு இருந்தது. பதினேழு வயது மகள் தமந்தா.

"அது எப்படிம்மா வேலை செய்யும்? மந்திரியம்மா டிவியில சொல்லுதது ஒண்ணும் விளங்கல," என்று சாப்பாட்டு மேசையில் ஒருநாள் கேட்டாள். தாயிடம் பேசும்போது அவளுக்குப் பாளையங்கோட்டைத் தமிழ்தான் வரும். அந்த ஊரை அவள் இரண்டே தடவைதான் பார்த்திருக்கிறாள்.

"ஓட்டுப் போட்டா விரல்ல மை வைப்பாங்கல்லா, அதுலயே மருந்தைக் கலந்திருக்கு. நகக்கண் வழியா உள்ள போயிரும். ஒன்றரை மாசம் போல நிக்கும். முடிவு அறிவிச்சு, ஜெயிச்சவங்க பதவி ஏத்துக்கிடுத வரைக்கும்."

"உள்ள போயி?"

"கோபம் கொழுந்துவிட்டு எரியுத இடம் ஒண்ணு மூளையில இருக்கு. அங்க தண்ணி தெளிச்ச மாதிரி. யோசிக்கலாம், படிக்கலாம், கணக்குப் போடலாம், எல்லாம் செய்யலாம். அடிக்கணும் கொளுத்தணும்னு மட்டும் தோணாது."

"கோபம் மட்டும் தனியா ஒரு ரூம்லயா குடியிருக்கு? பக்கத்து ரூம்ல யாரு?"

கிளாரிந்தா சிரித்துவிட்டாள். சோதனையில் கலந்துகொண்டவர்களிடமும் அதைத்தான் கேட்டிருந்தார்கள். 'சற்று மந்தமாக இருக்கிறது, மற்றபடி தொந்தரவில்லை' என்றார்கள் பெரும்பாலானவர்கள். மந்தம் என்ற சொல்லை அறிக்கையில் 'நிதானம்' என்று திருத்தியவள் அவள்தான்.

தமந்தா தகப்பன் பக்கம் திரும்பினாள். "பாபா, நீயும் வச்சுக்கப் போறியா?"

லிம்பானி அரசு வானொலியில் காலைச் செய்தி வாசிப்பவன். முகத்தைப் பார்த்து அடையாளம் தெரியாதவர்கள்கூடக் குரலைக் கேட்டதும் கை கொடுப்பார்கள். வீட்டிலும் அவன் ஒவ்வொரு வார்த்தையையும் முழுசாகத்தான் பேசுவான்.

"மை வைக்காமல் ஓட்டு இல்லை. ஓட்டுப் போடாமல் என்னால் இருக்க முடியாது. உன் பெரியப்பா அதற்காகத்தான் செத்தார்."

"சரி. தோத்தவன் ஜெயிச்சேன்னு சொன்னா என்ன செய்வீங்க?"

"அதற்கு நீதிமன்றம் இருக்கிறது."

"நீதிபதியெல்லாம் ஓட்டுப் போட மாட்டாங்களா, பாபா?"

லிம்பானி மீன் முள்ளைத் தட்டோரம் ஒதுக்கி வைத்தான். "சாப்பிடுட்டி, ஆறிப்போகுது," என்றாள் கிளாரிந்தா.

தேர்தல் நாள் அமைதியாகப் போனது. வாக்குச்சாவடி ஒரு பள்ளிக்கூடம். வரிசையில் முன்னால் நின்றவரும் பின்னால் நின்றவரும் வெவ்வேறு கட்சித் தொப்பி போட்டிருந்தார்கள். ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டும் இருந்தார்கள். சாவடியிலிருந்து வெளியே வந்தவர்கள் ஒரு மரத்தடியில் கூடி நின்று நிலக்கடலை வாங்கித் தின்றார்கள். மருந்து அத்தனை சீக்கிரம் பிடிக்காது என்பது கிளாரிந்தாவுக்குத் தெரியும். பிடித்துவிட்டதாக நினைத்துக்கொள்வதே ஜனங்களுக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும்.

மை வைத்துக்கொண்டு வந்த அவளுக்கு, மருந்து பிடித்தது மறுநாள் தெரிந்தது. மருத்துவமனைக்குப் போகும் வழியில் அவள் இருந்த மினிபஸ் ஒரு நாயின் மீது ஏறியது. நாய் கத்தியது. பஸ்ஸில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கிளாரிந்தாவும் பார்த்தாள். பின்னங்கால் இரண்டும் போய்விட்டன, பிழைக்காது என்று அவளுடைய அறிவு சொன்னது. அதற்குப் பிறகு வரவேண்டிய ஏதோ ஒன்று வரவில்லை. இருட்டில் படி இருக்கும் என்று காலை வைக்க, படி இல்லாமல் போன மாதிரி இருந்தது. பஸ் நகர்ந்தது.

ஊரே அப்படித்தான் ஆனது. கண்டக்டர்கள் கூவி அழைப்பதை விட்டார்கள். கல்யாண வீடுகளில் பாட்டுப் பாடினார்கள், ஆட எழுந்திருக்கவில்லை. வந்திருந்த வெளிநாட்டுப் பார்வையாளர்கள் மெச்சிப் புகழ்ந்துவிட்டு விமானம் ஏறினார்கள். பக்கத்து நாடுகள் மை எங்கே கிடைக்கும் என்று விசாரித்தன.

வாக்குகளைச் சாவடியிலேயே எண்ணி, முடிவைக் கதவில் ஒட்டுவது லுவேசியின் வழக்கம். யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். பார்த்தார்கள். நாட்டில் முக்கால்வாசிக் கதவுகளில் எதிர்க்கட்சியின் எடினா மபோண்டாதான் முன்னால் இருந்தார். பதவியில் இருந்த அதிபர் சிமுவாலாவுக்குச் சொந்த ஊர்க் கதவுகூட ஒத்துழைக்கவில்லை. ஒளிவு மறைவு ஒன்றும் கிடையாது. பச்சைப்பிள்ளைக்கும் தெரிந்த விஷயம்.

மூன்றாம் நாள் தேர்தல் ஆணையம் அதிபர் சிமுவாலா மறுபடியும் வென்றதாக அறிவித்தது.

அன்று காலை அந்தச் செய்தியை வாசித்தது லிம்பானி. கிளாரிந்தா சமையலறையில் முட்டை உடைத்துக்கொண்டே கேட்டாள். குரல் எப்போதும்போல் கணீரென்று இருந்தது. சிமுவாலா ஐம்பத்தெட்டு சதவீதம், மபோண்டா நாற்பது. தலைகீழாக்கித் தருகிறார்கள் என்று நினைத்தாள். பிறகு உப்புப் போட்டாள்.

சாயங்காலம் சந்தையில் தக்காளி விற்பவளிடம், "கேட்டீங்களா?" என்றாள்.

"கேட்டேன் டாக்டர். பொய் சொல்றாங்க. எங்க பேட்டைக் கதவுல நானே பார்த்தேன்." அவள் தராசைத் தூக்கினாள். "பழுத்ததா, செங்காயா?"

எதிர்க்கட்சி நீதிமன்றம் போனது. ஐந்து நீதிபதிகள் அமர்ந்த அமர்வு இரண்டு மணி நேரத்தில் தீர்ப்புச் சொன்னது. மனுவில் உண்மை இருப்பதாகத் தெரிகிறது. அவசரம் இருப்பதாகத் தெரியவில்லை. ஐந்து ஆண்டில் அடுத்த தேர்தல் வரத்தான் போகிறது. எடினா மபோண்டா தீர்ப்பைக் கேட்டுத் தலையசைத்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டதாகச் சொன்னார்கள். அவரும் ஓட்டுப் போட்டவர்தானே.

கோபம் மிஞ்சியிருந்தது ஓட்டு இல்லாதவர்களிடம் மட்டும்தான். பதினெட்டு வயது நிரம்பாதவர்கள்.

தீர்ப்பு வந்த அன்று தமந்தா பள்ளிக்கூடத்திலிருந்து வந்து புத்தகப் பையை வாசலிலேயே வீசினாள். கிளாரிந்தாவும் லிம்பானியும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"எப்படி உங்களால இப்படி உக்காந்திருக்க முடியுது?"

"தீர்ப்பு தப்பு," என்றான் லிம்பானி. "நன்றாகத் தெரிகிறது."

"தெரிஞ்சா? தெரிஞ்சு என்ன செய்யப் போற? அந்தப் பொய்யை நீதானே பாபா வாசிச்சே! எங்க கிளாஸ்ல எல்லாரும் உன் குரலைக் கேட்டாங்க. நான் மேசைக்கு அடியில போய் ஒளிஞ்சுக்கலாமான்னு இருந்துச்சு."

"எழுதிக் கொடுத்ததை வாசித்தேன்."

தமந்தா தாயிடம் வந்து அவள் கையைப் பிடித்துப் பலமாகக் கிள்ளினாள். நகம் பதிந்து ரத்தம் கசிந்தது.

"வலிக்கா?"

"வலிக்கி."

"என் மேல கோபம் வருதா?"

கிளாரிந்தா யோசித்துப் பார்த்தாள். வரவில்லை. மகளுடைய முகம் சிவந்து, உதடு துடித்து, கண் நிறைந்து நிற்பதைப் பார்த்தாள். இந்த முகத்தைக் கண்டால் முன்பெல்லாம் தனக்குள் என்னவோ ஆகும் என்பது நினைவிருந்தது. என்ன ஆகும் என்பது நினைவில்லை.

"அம்மா, பக்கத்து ரூம்லயும் யாரும் இல்ல," என்றாள் தமந்தா. தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் காலை அவள் பள்ளிச் சீருடை போடவில்லை. மஞ்சள் சட்டையும் ஓடும்போது போடும் காலணியும் போட்டுக்கொண்டு வாசற்படியில் நாடா கட்டினாள். பள்ளிக்கூடங்களிலிருந்து ஒரு கூட்டம் தேர்தல் ஆணையத்தின் முன்னால் போய் நிற்கப் போகிறது என்றும், கதவுகளில் ஒட்டியிருந்த உண்மையான எண்களைச் சத்தமாகச் சொல்லப் போகிறார்கள் என்றும் அவளே சொன்னாள்.

"அங்க ராணுவம் நிக்கும்," என்றாள் கிளாரிந்தா.

"தெரியும்."

"சுட்டாலும் சுடுவாங்க."

"தெரியும்மா." தமந்தா நாடாவை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். தாய் வந்து கையைப் பிடித்து இழுப்பாள், கதவைப் பூட்டுவாள், தலையில் அடித்துக்கொண்டு அழுவாள் என்று எதிர்பார்த்தவள் மாதிரி கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். தடுத்திருந்தால் ஒருவேளை நின்றிருப்பாள்.

"வெயிலா இருக்கு. தண்ணி எடுத்துட்டுப் போ," என்றாள் கிளாரிந்தா.

ராணுவத்தினருக்கும் மை வைத்திருந்தார்கள். வீரர்கள் வெறி பிடித்துச் சுட மாட்டார்கள் என்று சோதனைக் குழுவின் அறிக்கையில் ஒரு பத்தி இருந்தது. அது உண்மைதான். அவர்கள் வெறி பிடித்துச் சுடவில்லை. கலைந்து போகச் சொல்லி மூன்று முறை மரியாதையாக அறிவித்தார்கள். பிள்ளைகள் எண்களைச் சொல்வதை நிறுத்தவில்லை. ஆணை வந்தது. குறி பார்த்துச் சுட்டார்கள்.

மதியம் மருத்துவமனைக்கு ராணுவ வண்டி வந்தபோது கிளாரிந்தாதான் பணியில் இருந்தாள். ஒன்பது உடல்கள். நான்காவது உடலில் மஞ்சள் சட்டை. அவள் குனிந்து கழுத்தில் கை வைத்தாள். நாடித்துடிப்பு இல்லை. இமையை விலக்கிப் பார்த்தாள். சட்டைப் பித்தான் ஒன்று கழன்றிருந்ததைப் போட்டுவிட்டாள்.

கூட வந்த வீரனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"தெரிஞ்சவங்களா டாக்டர்?"

"என் மக."

"அப்படியா." அவன் உடலைப் பார்த்தான். "நாங்க நாலு பேர் அந்தப் பக்கம் சுட்டோம். இது என்னுதா இருக்கலாம். மஞ்சள் கலர் கண்ல பட்டது ஞாபகம் இருக்கு."

"சரி," என்றாள் கிளாரிந்தா. அவன் உதடு வறண்டிருந்தது. "தண்ணி வேணுமா?"

"கொடுங்க டாக்டர்."

அவள் குவளையில் ஊற்றிக் கொடுத்தாள். அவன் குடித்துவிட்டு நன்றி சொன்னான். வண்டி திரும்பிப் போனது.

அன்று மாலைச் செய்தி வாசிக்க வேண்டியவருக்கு உடம்பு சரியில்லை என்று லிம்பானியை வாசிக்கச் சொன்னார்கள். ஆணையத்தின் வாசலில் சிறு சலசலப்பு, சமூக விரோதிகள் சிலர் உயிரிழந்தனர், நகரம் அமைதியாக இருக்கிறது. அதை வாசித்துவிட்டு வந்துதான் மகளின் சவப்பெட்டிக்கு மரம் எடுக்கப் போனான்.

அடக்கத்துக்கு நிறையப் பேர் வந்தார்கள். லுவேசியில் சாவு என்றால் பெண்கள் மண்ணில் புரண்டு அழுவார்கள். அன்று வரிசையாக வந்து கை கொடுத்துவிட்டுப் போனார்கள். பாதிரியார் ஜெபத்தைப் பாதியில் மறந்து, மன்னிக்கவும் என்று சொல்லி அடுத்த பாட்டுக்குப் போனார். குழிக்குள் பெட்டி இறங்கும்போது கிளாரிந்தா அதன் கயிறு சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள். தமந்தாவின் வகுப்புப் பிள்ளைகள் மட்டும் மதிலோரம் நின்று கதறினார்கள். பெரியவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அந்தச் சத்தம் வேற்று மொழிபோல் இருந்தது.

அதிபர் சிமுவாலா பதவியேற்றார். வாரங்கள் போயின. நகங்கள் வளர, மை மேலேறித் தேய்ந்தது.

சிலருக்கு மருந்து முன்னதாகவே கரைந்தது. ஒரு மினிபஸ் டிரைவர் ஓடும் வண்டியை நடுரோட்டில் நிறுத்திவிட்டு ஸ்டீரிங்கில் தலையை முட்டிக்கொண்டு அழுதான். ஆணைய அதிகாரி ஒருவர் மொட்டை மாடியிலிருந்து குதித்தார். தீர்ப்புச் சொன்ன நீதிபதி ஒருவர் வீட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு வெளியே வரவில்லை. ஒன்றரை மாதமாகச் செய்ததும் செய்யாமல் விட்டதும் ஒவ்வொருவருக்கும் மொத்தமாக வந்து சேர்ந்தன.

ஜனங்கள் மருத்துவமனைக்கு வந்தார்கள். கிளாரிந்தாவின் அறை வாசலில் காலையிலேயே வரிசை நின்றது. எல்லோரும் ஆள்காட்டி விரலை நீட்டினார்கள்.

"இன்னொரு தடவை வச்சு விடுங்க டாக்டர். தேர்தல் இல்லாட்டி என்ன?"

மிச்சமிருந்த மைப்புட்டிகளை அமைச்சகம் தானே அனுப்பி வைத்திருந்தது, 'விரும்புவோருக்கு' என்று. எழுதிக் கொடுத்த ஆணை எதுவும் இல்லை. ஒரு போன் மட்டும் வந்தது. கிளாரிந்தா குச்சியை மையில் தோய்த்து நகத்தில் கோடு போட்டு அனுப்பினாள். யோசித்துச் செய்ததில்லை. நோயாளி விரலை நீட்டினால் டாக்டர் மருந்து வைப்பது மாதிரி வைத்தாள்.

தனக்கு மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. அவளுக்கு இன்னும் எதுவும் வரவில்லை. உடம்புக்கு உடம்பு மாறும். வரும் என்று தெரியும். தமந்தாவுக்காக அம்மா ஒரு தடவையாவது அழ வேண்டும் என்று அறிவு சொன்னது. அதற்காகக் காத்திருந்தாள், பஸ்ஸுக்குக் காத்திருப்பது மாதிரி.

ஒருநாள் பகல், வரிசை ஓய்ந்த நேரத்தில், லிம்பானி வந்தான். முகம் வீங்கியிருந்தது. சட்டையில் பித்தான்கள் மாறிப் போட்டிருந்தன. கதவைச் சாத்திவிட்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, விரலை மேசைமேல் வைத்தான். விரல் நடுங்கியது.

"உனக்குப் போயிட்டுதா?" என்றாள்.

"நேற்றிலிருந்து." அவன் பல்லைக் கடித்துக்கொண்டான். "கிளாரா, அவள் மேசைக்கு அடியில் ஒளிந்துகொள்ளத் தோன்றியது என்றாளே, ஞாபகம் இருக்கிறதா?"

"இருக்கு."

"வை."

அவள் குச்சியை எடுத்தாள். வைக்கவில்லை. இவன் தகப்பன். இவனுக்கு அழுகை வந்திருக்கிறது, தனக்கு வராத அழுகை. அதை அணைத்துப்போட விரலை நீட்டிக்கொண்டு வந்திருக்கிறான். இது கேவலம் என்று அவளுடைய அறிவு சொன்னது.

"நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தராவது அவளுக்காக அழணும் லிம்பானி. நீ தப்பிச்சுப் போகப் பாக்கே."

லிம்பானி ஏதோ சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டான்.

"இந்தக் கையோடு என்னால் மைக் முன்னால் உட்கார முடியவில்லை. தாள் ஆடுகிறது. நாக்கு ஒட்டிக்கொள்கிறது. இன்று காலை பாதியில் எழுந்து வந்துவிட்டேன். வை, கிளாரா."

"வேலைக்காகவா?"

"ஆமாம். வேலைக்காகத்தான்."

அவள் வைத்தாள். மற்றவர்களுக்கு வைப்பதைவிடக் கெட்டியாக, நகக்கண் முழுக்க. அவன் எழுந்து, அவள் தலையில் ஒரு கணம் கையை வைத்திருந்துவிட்டுப் போனான்.

இரண்டு நாள் அவன் வேலைக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் காலையில் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, தாடி மழித்து, பழைய லிம்பானியாகக் கிளம்பினான். கை நடுங்கவில்லை. வாசலில் நின்று, "வருகிறேன்," என்றான். கிளாரிந்தா தலையசைத்தாள்.

அவள் மருத்துவமனைக்குப் போனபோது வரிசை வழக்கத்தைவிட நீளமாக நின்றது. வாசல் காவலாளியின் ரேடியோ ஜன்னல் திண்டில் பாடிக்கொண்டிருந்தது. அவள் மைப்புட்டியைத் திறந்தாள். முதல் ஆள் ஒரு பெண். தக்காளி விற்பவள்.

"என்ன செய்யுது உங்களுக்கு?"

"தூக்கம் வரல டாக்டர். கதவுல பார்த்தேனே, பார்த்துட்டு பேசாம வந்தேனேன்னு இருக்கு."

கிளாரிந்தா குச்சியைத் தோய்த்தபோது ரேடியோவில் மணி அடித்து லிம்பானியின் குரல் வந்தது.

"லுவேசி வானொலி. செய்திகள் வாசிப்பது லிம்பானி. முதலில் ஒரு திருத்தம். தேர்தல் முடிவுகள் என்று இதே நேரத்தில் நான் வாசித்தது பொய். வாசிக்கும்போதே எனக்கு அது தெரியும். சாவடிக் கதவுகளில் ஒட்டப்பட்டிருந்த எண்களின்படி எடினா மபோண்டா பெற்ற வாக்குகள் அறுபத்தொரு சதவீதம். அதிபர் சிமுவாலா முப்பத்தாறு. நீங்கள் எல்லோரும் பார்த்ததுதான்."

வரிசையில் நின்றவர்கள் ஜன்னல் பக்கம் நெருங்கினார்கள்.

"இரண்டாவது திருத்தம். ஆணையத்தின் வாசலில் உயிரிழந்தவர்கள் சமூக விரோதிகள் என்று வாசித்தேன். அவர்கள் பள்ளிப் பிள்ளைகள். பெயர்களை வாசிக்கிறேன்."

வாசித்தான். அவசரப்படவில்லை. ஒவ்வொரு பெயருக்கும் பிறகு நேயர்கள் மனதில் வாங்கிக்கொள்ள இடம் விட்டான். பின்னணியில் யாரோ கதவைத் தட்டுவது கேட்டது. பிறகு இடிப்பது கேட்டது. அவன் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. வானிலை அறிக்கை வாசிப்பவன் மாதிரி போய்க்கொண்டிருந்தது.

"தமந்தா. வயது பதினேழு. என் மகள். அவளுக்குக் கோபம் வந்தது. அவள் கோபம் நியாயமானது. செய்திகள் தொடர்—"

ஏதோ உடையும் சத்தம். ரேடியோ ஊமையானது. கொஞ்ச நேரம் கழித்து ராணுவ வாத்தியம் ஒலித்தது.

கிளாரிந்தா குச்சியைப் பிடித்தபடி நின்றாள். மெல்ல அவளுக்குப் புரிந்தது. அவன் தப்பித்துப் போக விரலை நீட்டவில்லை. மை கோபத்தை அணைக்கும், துக்கத்தை அணைக்கும், பயத்தையும் அணைத்துவிடும். சோதனைக் குழுவில் யாரும் அதை யோசிக்கவில்லை. அரசாங்கம் யோசிக்கவில்லை. அவளும் யோசிக்கவில்லை. பயந்து நடுங்கிய ஒரு மனிதன் உட்கார்ந்து யோசித்திருக்கிறான். மைக் முன்னால் கை ஆடாமல் இருக்க அவனுக்கு அது வேண்டியிருந்தது. சொன்னால் அவள் அறிவு கணக்குப் பார்த்து ஏதாவது சொல்லிவிடும் என்று சொல்லாமல் போயிருக்கிறான்.

தக்காளிக்காரி நீட்டியிருந்த விரலை மடக்கிக்கொண்டாள். "வேண்டாம் டாக்டர்," என்றாள். இடுப்பில் சுற்றியிருந்த பூத்துணியை அவிழ்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டு வெளியே நடந்தாள். அடுத்தவர் ஒரு நிமிடம் மைப்புட்டியைப் பார்த்தார், பிறகு அவரும் போனார். வரிசை பின்பக்கத்திலிருந்தும் கலைந்தது. கேட்டைத் தாண்டியதும் எல்லோரும் ஒரே பக்கமாகத் திரும்பினார்கள், வானொலி நிலையம் இருக்கும் பக்கம். சிலர் இன்னும் அழுதுகொண்டிருந்தார்கள். ஒருவன் வழியில் ஒரு கல்லை எடுத்தான். கையில் வைத்துப் பார்த்துவிட்டுக் கீழே போட்டான்.

கிளாரிந்தாவின் கையிலிருந்து குச்சி விழுந்தது. குனிந்து எடுக்கப் போனாள். நெஞ்சு தடதடவென்று அடித்தது, உள்ளங்கை வியர்த்தது. என்ன நோய் இது என்று ஒரு டாக்டராக அவள் யோசித்தாள். அறிகுறிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தாள்.

லிம்பானியை என்ன செய்திருப்பார்கள்?

அந்த நினைப்பு வந்ததும் வாயிலிருந்து அவளறியாமல் ஒரு சத்தம் வந்தது. பயம். மகள் வாசற்படியில் நாடா கட்டிக்கொண்டிருந்த காலையில் வந்திருக்க வேண்டிய பயம், இப்போதுதான் வந்து சேர்ந்திருந்தது. அதற்குப் பின்னால் இன்னும் பெரியதாக எதுவோ வந்துகொண்டிருப்பதும் தெரிந்தது. அதற்காக அவள் நிற்கவில்லை. வெள்ளைக் கோட்டைக் கழற்றக்கூட நேரமில்லாமல், கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு, "லிம்பானி, லிம்பானி" என்று கத்தியபடி ஓடினாள்.